காலியும் நெடுந்தீவும்

அக்காவுக்கு நகரம் வேண்டும். எனக்குத் தீவு வேண்டும். அம்மா போன பிறகு, வருஷத்துக்கு ஒரு வாரம் நாங்கள் இரண்டு பேர் மட்டும் எங்காவது போய் வருவது என்று பேசிக்கொண்ட நாளிலிருந்து இந்த வழக்கு நடக்கிறது. கடல் என்பதில் இருவருக்கும் வேறு பேச்சில்லை. காரைக்குடிப் பக்கத்தில் ஒரு கண்மாய்க் கரையில் வளர்ந்தவர்கள் நாங்கள். கோடை பிறந்தால் கண்மாய் வற்றி, வெடித்த மண்தான் மிஞ்சும். வற்றாத தண்ணீரைப் பார்க்கும் ஆசை சின்ன வயதிலேயே உடம்பில் ஏறிவிட்டது. ஆனால் அக்காவுக்குக் கடல் ஒரு தெருமுனையில் இருக்க வேண்டும். தெருவில் கடைகள், கடைகளில் விளக்கு, கூப்பிடு தூரத்தில் ஒரு டாக்டர். எனக்கோ நாலு பக்கமும் கடல் இருந்தால்தான் கடலுக்குப் போனதாகக் கணக்கு.

"ஆளே இல்லாத இடத்துல எதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறது?" என்பாள் அக்கா.

"ஆளில்லாததைத்தான் பாக்கணும்க்கா" என்பேன்.

இந்த மாசியில் இலங்கை என்று முடிவானபோது வழக்கைத் தீர்க்க ஒரு வழி கிடைத்தது. தெற்கே காலி, வடக்கே நெடுந்தீவு. இரண்டு இடத்தையும் ஒல்லாந்தர் ஆண்டார்கள். இரண்டு இடத்திலும் ஒரே வகைக் கல்லில் கட்டியிருக்கிறார்கள். ஒன்று கோட்டைக்குள் கடைத்தெருவும் பள்ளிவாசலும் தேவாலயமும் நெருங்கி நிற்கும் கரையோர நகரம். மற்றது ஐயாயிரம் பேர்கூட இல்லாத தீவு. இரண்டிலும் சில நாள் தங்குவது, இனி வருஷா வருஷம் எங்கே வருவது என்பதைத் திரும்பும்போது சொல்லிவிடுவது என்று பேச்சு.

காலிக்குப் போகும் முன்பே காலியை நாங்கள் கொழும்பில் பார்த்துவிட்டோம். தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு கல் நிற்கிறது. சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹோ கொண்டுவந்து நிறுத்திய கல்வெட்டு. 1409 என்று காலம் குறித்துச் சீனாவிலேயே செதுக்கி, கப்பலேற்றிக் கொண்டுவந்தது. அதில் மூன்று மொழிகள். சீன எழுத்து புத்தரை வணங்குகிறது. பாரசீகம் அல்லாஹ்வைத் துதிக்கிறது. தமிழ், தென்கோடியில் இருந்த தெனாவரை நாயனாரை. தங்கம், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். யார் மனமும் கோணாமல் எல்லாச் சாமிக்கும் ஒரே அளவு. அக்கா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தமிழ்ப் பகுதியில் எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். தேய்ந்த வரிகளில் ஒன்றிரண்டு எழுத்துதான் பிடிபட்டது. "அறுநூறு வருஷத்துக்கு முன்னாடி சீனாக்காரன் ஒரு ஊருக்கு வரும்போது தமிழ்ல எழுதிக்கிட்டு வந்தான்னா, அது ஊரு" என்றாள். முதல் புள்ளி அவளுக்கு.

அந்தக் கல் 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டபோது ஒரு வடிகாலுக்கு மூடியாகக் கிடந்தது. நாயனாரின் கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இலேயே இடித்துவிட்டார்கள். காணிக்கை பெற்றவர் போய்விட்டார். காணிக்கைச் சீட்டு சாக்கடைமேல் கிடந்து மிஞ்சியது.

காலிக்குப் போகும் ரயில் கடலை ஒட்டியே ஓடுகிறது. சில இடங்களில் தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவில் ஒரு வரிசைத் தாழைதான். ஹிக்கடுவவுக்கு முன்னால் பெரலிய என்ற இடத்தைக் கடக்கும்போது, எதிரே இருந்த பெரியவர் பேச்சை நிறுத்திக் கையெடுத்துக் கும்பிட்டார். 2004 டிசம்பர் 26 அன்று அலை அடித்துப் புரட்டிய ரயில் அங்கேதான் நின்றிருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே ரயிலோடு போனார்கள். அந்தக் கரையோரக் கடலில் சுண்ணாம்புக்காகப் பல காலமாக முருகைக்கல்லைப் பெயர்த்து எடுத்திருந்தார்கள். கல் போன இடத்தில் அலை வெகுதூரம் உள்ளே வந்தது, பக்கத்திலேயே ஹிக்கடுவவில் பாறை மிச்சமிருந்த இடத்தில் அவ்வளவு வரவில்லை என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நாம் பவளப்பாறை என்பதை இலங்கைத் தமிழர் முருகைக்கல் என்கிறார்கள். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரில் நாம் பார்ப்பதும் அதே கல்தான். இந்தப் பயணம் முழுக்க அந்தக் கல் எங்களோடு வந்தது.

காலி என்ற பெயர் தமிழ்க் காதுக்கு ஒன்றுமில்லாத இடம்போலக் கேட்கிறது. ஆனால் கோட்டைக்குள் எங்கு திரும்பினாலும் ஏதோ ஒன்று இருக்கிறது. சுமார் 90 ஏக்கர், சுற்றிலும் கருங்கல்லும் முருகைக்கல்லுமாக எழுப்பிய மதில், 14 கொத்தளங்கள். போர்த்துக்கேயர் தொடங்கினார்கள். 1640இல் ஒல்லாந்தர் பிடித்துப் பெரிதாக்கினார்கள். 1796இல் ஆங்கிலேயர் வந்து, அவ்வளவாகக் கை வைக்காமல் குடியிருந்துகொண்டார்கள். பழைய வாயிலின் வெளிப்பக்கம் ஆங்கிலேயரின் இலச்சினை. உள்ளே நுழைந்து திரும்பிப் பார்த்தால் இரண்டு சிங்கங்கள், மேலே ஒரு சேவல், 1669 என்ற வருஷம், நடுவில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மூன்று எழுத்துகள்: வி.ஓ.சி.

அக்கா அதன் கீழே நின்றுவிட்டாள். எங்கள் தாத்தா தூத்துக்குடியில் கணக்கெழுதியவர். வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்ட கதையை எங்களுக்குச் சோறோடு ஊட்டியவர். ஒரு கம்பெனி நாடு பிடிக்க வைத்துக்கொண்ட எழுத்துகளே, இன்னொரு கம்பெனியை எதிர்த்துக் கப்பல் விட்டுச் சிறைக்குப் போனவரின் பெயராக இருப்பது தற்செயல்தான். ஆனாலும் அந்த வாயிலின் கீழ் எனக்குத் தொண்டை அடைத்தது. அக்கா அந்த எழுத்துகளைப் படம் எடுக்க விடவில்லை.

சேவல் எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. போர்த்துக்கேயர் காலி என்ற பெயரைத் தங்கள் மொழியில் சேவலைக் குறிக்கும் சொல்லாகக் கேட்டார்களாம். சிங்களத்தில் அது மாடுகளைக் கூட்டி நிறுத்தும் இடம் என்கிறார்கள். நாங்கள் அடுத்துப் போகவிருந்த நெடுந்தீவுக்குப் பசுத்தீவு என்ற பெயரும் உண்டு. போர்த்துக்கேயரும் அதைப் பசுக்களின் தீவு என்றே எழுதினார்கள். பெயரளவில் இரண்டும் மாட்டுத்தொழுவம்தான்.

நாலு நாளும் அக்கா என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள். 1755இல் எழும்பிய ஒல்லாந்தர் தேவாலயத்தில், தரையே கல்லறைப் பலகைகளாக இருக்கிறது. பிரசவத்தில் போன பெண்களின் பெயர்மேல் கால் படாமல் ஓரமாக நடந்தோம். தெருக்களுக்கு அடியில் ஒல்லாந்தர் வெட்டிய கால்வாய்களைக் கடல் ஏற்றவற்றமே வந்து கழுவிவிட்டுப் போகும் ஏற்பாட்டைக் கேட்டு வியந்தோம். கலங்கரை விளக்கத்தின் எதிரே, தேவாலய முகப்புக்கொண்ட பள்ளிவாசலிலிருந்து பாங்கு ஒலிக்கும்போது, மதில்மேல் பட்டம் விடும் பிள்ளைகள் நூலைச் சுருட்டத் தொடங்குவார்கள்.

எனக்கு அங்கே மறக்காதது ஒரு வாசல் திண்ணைதான். பீரளுப் பின்னல் பின்னும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். போர்த்துக்கேயர் காலத்தில் வந்து இந்தக் கரையோரப் பெண்களின் கையில் தங்கிவிட்ட வேலை இது. மடியளவு ஒரு திண்டு, அதன்மேல் குத்துப்புள்ளி வைத்த காகிதம், புள்ளிதோறும் குண்டூசி, ஊசிகளிலிருந்து தொங்கும் நூல்களின் நுனியில் விரல் நீளத்தில் மரக்கட்டைகள், நாற்பதுக்குக் குறையாது. அவர் கட்டைகளைப் பார்க்கவே இல்லை. இரண்டு கையும் கட்டைகளை மாற்றி மாற்றி எறிய, கட்டையோடு கட்டை மோதும் சத்தம் தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல் இருந்தது. அரை மணி நேரத்தில் ஒரு கட்டைவிரல் நகத்தின் அகலத்துக்கு ஒரு பூ விரிந்தது. அக்கா குரோஷா பின்னுகிறவள். சிங்களம் ஒரு சொல் தெரியாமல், தன் கைப்பை ஓரத்தில் தான் போட்டிருந்த பின்னலைக் காட்டினாள். அந்தப் பெண் அதைத் திருப்பிப் பின்பக்கத்தை முதலில் பார்த்தார். முடிச்சு எங்கே விழுந்திருக்கிறது என்று பார்க்கிறவர்தான் வேலை தெரிந்தவர். பிறகு தலையை அசைத்தார். அக்காவுக்கு அன்று சாப்பாடே வேண்டியிருக்கவில்லை.

சாப்பிட்டோம் என்பது வேறு. கொறுக்காப்புளி போட்டுக் கறுக்கச் சுண்டவைத்த மீனும் முட்டையப்பமும் எனக்கு இப்போதும் நாக்கில் இருக்கின்றன.

மதிலின் வடக்கு முனையில் நின்றால் கீழே கிரிக்கெட் மைதானம். 2010 ஜூலை 22 அன்று முத்தையா முரளிதரன் தன் 800ஆவது விக்கெட்டை எடுத்த இடம். ஆட்டத்தின் கடைசி விக்கெட்டும் அதுவே, அவருடைய டெஸ்ட் வாழ்க்கையின் கடைசிப் பந்தும் அதுவே. அதற்கு ஐந்தரை வருஷம் முன்பு அந்த மைதானம் கடலுக்கு அடியில் இருந்தது. ஆழிப்பேரலை பேருந்து நிலையத்தையும் மைதானத்தையும் வாரிக்கொண்டு போனபோது, மதிலுக்கு உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். எதிரியை நினைத்துக் கட்டிய சுவர் அன்றைக்குத் தண்ணீரை நிறுத்தியது.

மூன்றாம் நாள், ரத்தினக்கல் விற்கும் ஒரு பெரியவரின் கடையில் மழைக்கு ஒதுங்கினோம். நாங்கள் பேசுவதைக் கேட்டுத் தமிழிலேயே "உள்ளுக்கு வாங்க, இரிங்க" என்றார். தேநீர் வந்தது. எங்களிடம் கல் எதையும் காட்டவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்கட வாப்பாட காலத்துல இந்தத் தெருவுல எல்லா ஊட்டுலயும் ஆக்கள் இருந்தாங்க. இப்ப எல்லா ஊட்டுலயும் ரூம் இருக்குது."

அதற்குப் பிறகு தெரு எனக்கு வேறாகத் தெரிந்தது. கொழும்பில் அலைதடுப்புச் சுவர் கட்டிப் புதிய துறைமுகம் எழுந்ததும், நீராவிக் கப்பல்கள் காலியை விட்டுப் போயின. வியாபாரம் போனதால்தான் பழைய வீடுகளை யாரும் இடித்துக் கட்டவில்லை. இடிக்காததால் 1988இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சேர்ந்ததால் பயணிகள் வந்தார்கள். வந்தவர்களில் வசதியுள்ளவர்கள் வீடுகளை விலைக்குக் கேட்டார்கள். பல குடும்பங்கள் விற்றுவிட்டு மதிலுக்கு வெளியே போய்விட்டன. நாங்கள் தங்கியிருந்த அறையும் யாரோ ஒருவருடைய பாட்டி அரிசி புடைத்த கூடமாக இருந்திருக்கும். அங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. எல்லாம் நேரத்துக்கு வந்தது, எல்லாவற்றுக்கும் விலை எழுதியிருந்தது. நாலு நாளில் யாரும் எங்களை எந்த ஊர் என்று கேட்கவில்லை, அந்தப் பெரியவரைத் தவிர. கிளம்பும்போது அக்காவுக்கு முகம் நிறைந்திருந்தது. எனக்கும் பிடித்த ஊர்தான். ஆனாலும் என் பக்கத்து வழக்கு இன்னும் பேசப்படவில்லை.

வடக்கே போனோம். யாழ்ப்பாணத்திலிருந்து தீவுகளுக்குப் போகும் பாதை கடலைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறது. இரண்டு பக்கமும் முழங்காலளவுத் தண்ணீர். மீன்பிடிக்க நட்ட குச்சிகளின்மேல் கடற்பறவைகள். வேலணை, புங்குடுதீவு என்று ஒன்றோடொன்று கோத்த தீவுகள் முடிந்து, குறிகட்டுவானில் பாதை நின்றுவிடுகிறது. அங்கிருந்து நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரக் கடல். படகில் சிமெண்டு மூட்டை, எரிவாயு சிலிண்டர், பாண் பெட்டிகள், ஒரு மணப்பெண்ணுக்கான கண்ணாடி அலமாரி, காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பும் ஆசிரியைகள். கீழ்த்தட்டில் ஜன்னல் மட்டத்தில் கடல் நிற்கிறது. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். நான் கண்ணைத் திறந்தபடி இருந்தேன், ஆசைப்பட்டது நான்தானே.

மாவிலித்துறையில் இறங்கியதும் ஒரு நினைவுத்தூண். 1985 மே 15 அன்று, குமுதினி என்ற படகில் நெடுந்தீவிலிருந்து போய்க்கொண்டிருந்தவர்களை நடுக்கடலில் மறித்து வெட்டிக் கொன்றார்கள். பெண்கள், கைக்குழந்தைகள்வரை. கடற்படையினர் செய்ததென்று தப்பியவர்கள் சொன்னார்கள். அந்தப் படகையே பின்னால் பழுதுபார்த்து ஓட்டினார்கள். தீவில் வேறு என்ன செய்வது? சாவு நடந்த படகில்தான் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வர வேண்டும். காலையில் இறங்கும் பயணிகள் பெரும்பாலோர் அந்தத் தூணைக் கடந்து நேரே வண்டிகளை நோக்கிப் போகிறார்கள். எங்களையும் ஒரு வண்டிக்காரத் தம்பி கூப்பிட்டார். அக்கா கைகாட்டி நிறுத்திவிட்டு, பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்து முடித்த பிறகுதான் வந்தாள்.

பார்க்க வேண்டியவை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆப்பிரிக்காவிலிருந்து அரபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லும் பெருக்கமரம். அதன் அடிப்பொந்துக்குள் ஆளே நுழைந்து நிற்கலாம். பாறையில் பதிந்த ராட்சதப் பாதம். வளரும் கல் என்று பூவைத்துக் கும்பிடும் ஒரு முருகைப்பாறை. ஒல்லாந்தர் கோட்டையின் மிச்சம், புறாக்கூடு. வெடியரசன் கோட்டை என்ற இடத்தில் பௌத்தத் தூபிகளின் அடித்தளங்கள். கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடிவந்த மீகாமனோடு வெடியரசன் மோதிய கதையை ஊரார் அந்தக் கற்களோடு சேர்த்தே சொல்கிறார்கள். ஒல்லாந்தர் இந்தத் தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். காரைதீவு ஆம்ஸ்டர்டாம், வேலணை லெய்டன், நயினாதீவு ஹார்லெம். எல்லாம் உதிர்ந்துவிட்டன, நெடுந்தீவின் மேல் மட்டும் டெல்ஃப்ட் ஒட்டிக்கொண்டது. ஊர்க்காரர் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்கவில்லை.

பட்டியலை முடித்தவர்கள் மத்தியானப் படகில் ஏறிவிட்டார்கள். கடைசிப் படகின் இயந்திரச் சத்தம் தேய்ந்து ஓய்ந்ததும் தீவின் காது திறந்ததுபோல் இருந்தது. பனையோலை உரசுவது கேட்டது. தூரத்தில் எங்கோ கிணற்றில் வாளி விழுவது கேட்டது. இதற்குத்தான் வந்தேன் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் செருப்பிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் தங்கிய வீட்டு அம்மாவை ஊரே ஆச்சி என்றது. எழுபதைத் தாண்டியவர். மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் ஒடிந்து, அந்தப் பக்கம் நூல் கட்டிக் காதில் மாட்டியிருந்தார். "வாங்கோ பிள்ளையள். கடல் என்னமாதிரி, சத்தி எடுத்தனீங்களோ?" என்று கேட்டபடியே தேத்தண்ணியும் உள்ளங்கையில் ஒரு துண்டுப் பனங்கட்டியும் தந்தார். "இந்தியாவில இருந்து வாறவை கச்சதீவுத் திருவிழாவுக்குத்தான் வாறவை. நெடுந்தீவுக்கு ஆர் வாறது?"

தீவு முழுக்கக் கல்வேலி. இடுப்பளவு, சில இடத்தில் மார்பளவு. சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை. முருகைக்கல்லை முருகைக்கல்மேல் வைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். மாலை வெயில் வேலியின் இடுக்குகளில் புகுந்து வரும்போது, சுவர் முழுக்கச் சின்னச் சின்ன விளக்குகள் ஏற்றியதுபோல் இருக்கும். கல்லைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். ஒன்றில் தேன்கூட்டு அறைகள், ஒன்றில் மூளை மடிப்புப்போல் வளைவுகள், ஒன்றில் நட்சத்திரப் பொட்டுகள். ஒவ்வொன்றும் ஒருகாலத்தில் உயிர் குடியிருந்த வீடு. ஆச்சியின் பக்கத்துக் காணியில், மாடு இடித்துத் தள்ளிய வேலியை ஒருவர் எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு கல்லைக் கையில் எடுத்து, மூன்று நாலு தடவை உருட்டிப் பார்த்து, வைத்து, ஆட்டிப் பார்த்து, மறுபடி எடுத்து வேறு பக்கமாக வைத்தார். அது உட்கார்ந்துகொண்டது. "கல்லுக்கு ஒரு முகம் இருக்கு அக்கா. அதைக் கண்டுபிடிச்சால் பேசாமல் இருக்கும்" என்றார். காலியின் மதிலிலும் இதே கல். அங்கே கம்பெனியின் காவலுக்கு நின்றது; இங்கே ஆடு மாடு தோட்டத்தில் இறங்காமல் பார்த்துக்கொள்கிறது.

குதிரைகளைச் சொல்ல வேண்டும். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்த இனம் என்கிறார்கள். ஆங்கிலேயர் காலத் தொடக்கத்தில் நோலன் என்ற படை அதிகாரி தீவின் பொறுப்பில் இருந்து குதிரை வளர்த்தார். அந்த லாயத்தின் தூண்கள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. குதிரை வாங்க ஆளில்லாமல் போனதும் அவை அவிழ்த்துவிட்டபடியே பெருகிவிட்டன. ஊரார் கட்டாக்காலிக் குதிரைகள் என்பார்கள். நான் வெட்டவெளியில் பாய்ந்தோடும் மந்தையை மனதில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். நாங்கள் பார்த்தது ஒரு சீமெந்துத் தொட்டியின் அருகே நின்ற ஏழெட்டுக் குதிரைகளை. தொட்டியில் அடித்தண்ணீர்தான் இருந்தது. ஒரு தாய்க்குதிரை கழுத்தை முழுக்க உள்ளே விட்டுக் குடித்தது, குட்டிக்கு எட்டவில்லை. தாய் தலையைத் தூக்கியபோது வாயிலிருந்து ஒழுகிய நீரைக் குட்டி தாடைக்குக் கீழே நின்று நக்கியது. மழை பொய்த்த வருஷங்களில் குதிரைகள் செத்துக் கிடக்கும் என்றார் வண்டிக்காரத் தம்பி. நல்ல தண்ணீர்க் கிணறுகள் தீவில் சில இடங்களில்தான். அன்று இரவு குளிக்கும்போது அக்கா அரை வாளியோடு நிறுத்திக்கொண்டாள், நானும்.

இரவில் ஆச்சி வீட்டு வாசலில் உட்கார்ந்தோம். இருட்டு அடர்ந்து, நட்சத்திரம் தலைக்கு எட்டும்போல் தொங்கியது. என்ன அமைதி என்று நான் சொல்லிவிட்டேன். ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு விரல் நீட்டி ஒவ்வொரு திசையாகக் காட்டினார். "அதிலை என்ர தங்கச்சி. கனடா. அங்கால வாத்தியார் வீடு. அவையள் பிரான்சுக்குப் போட்டினம். அந்த வேலிக்குப் பின்னால ஆறு பிள்ளையள் இருந்த வீடு, பின்னேரமெண்டால் காது கிழியும். இப்ப என்ர வீட்டில மட்டும்தான் விளக்கு."

அதன்பிறகு அந்த அமைதியை என்னால் பழையபடி கேட்க முடியவில்லை. இத்தனை வருஷமும் நான் கேட்ட ஆளில்லாத இடம், ஆட்கள் போய்விட்ட இடம். போரும் பஞ்சமும் கடலும் துரத்தித் துரத்தி உண்டாக்கிய வெறுமைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு, நான் அதை மூச்சு நிறைய இழுத்துக்கொண்டிருக்கிறேன். காலியில் எங்களைப்போன்றவர்கள் வருவதால் வீடுகள் காலியாகின்றன. இங்கே வீடுகள் காலியானதால்தான் என்னைப்போன்றவர்களுக்கு வரத் தோன்றுகிறது. அக்கா இருட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஆச்சியிடம், "உங்க தங்கச்சி பேரு என்னம்மா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் தொடங்கிய பேச்சு நான் தூங்கப்போன பிறகும் நடந்தது.

திரும்ப வேண்டிய நாள் காலையில் வாடைக்காற்று பலத்துவிட்டது. படகு ஓடாது என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். எனக்கு உள்ளுக்குள் ஏதோ பிசைந்தது. மறுநாள் மாலை எங்கள் விமானம் என்பதுகூட இல்லை. போக முடியாது என்ற சொல்தான். துறைக்கு மூன்று தடவை போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தேன். அக்காவுக்கு ரத்த அழுத்த மாத்திரை இரண்டுதான் மிச்சம். "இதுக்கே இப்பிடி எண்டால்" என்று ஆச்சி என்னைப் பார்த்துச் சொன்னார், கண்டிப்பில்லாமல். "என்ர மகளைப் பிள்ளைப்பேறுக்கு ஒரு மாதம் முந்தியே யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிப்போட்டு இருந்தனான். காத்து நேரம் பார்த்தே பிள்ளை பிறக்கும்?"

அக்காவோ காலையிலேயே அடுக்களைக்குள் போய்விட்டாள். அன்று ஒடியல் கூழ். காயவைத்த பனங்கிழங்கை இடித்த மாவை முதல் நாளே ஊறவைத்திருந்தார்கள். நண்டு, இறால், மீன்தலை, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, புளி, செத்தல் மிளகாய். பெரிய பானையைச் சுற்றி நாலு வீட்டுப் பெண்கள். வேலி கட்டியவர் தன் பிள்ளைகளோடு வந்தார். வண்டிக்காரத் தம்பி வந்தார். பனையோலையைக் கோலி முடிந்த பிளாவில் ஊற்றிக் கொடுத்தார்கள். கீழே வைக்க முடியாது, கையிலேயே பிடித்துக் குடித்து முடிக்க வேண்டும். அதனால் யாரும் எழுந்து போகவில்லை. பத்துப் பதினைந்து பேர் மண்ணில் உட்கார்ந்து, உறைப்பில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தோம். அந்த முற்றத்தில் அன்றைக்கு, அக்கா கேட்ட நகரம் இருந்தது. மாத்திரைகூடத் தீவு ஆஸ்பத்திரியிலிருந்து சாயங்காலம் வந்துவிட்டது.

மறுநாள் கடல் இறங்கியது. கணக்குப் பார்த்து நான் நீட்டிய பணத்தில் ஒரு நாள் வாடகையை எண்ணி எடுத்து ஆச்சி திருப்பித் தந்தார். நான் மறுத்தேன். "நீங்கள் போகேலாமல் நிண்ட நாளுக்கு நான் எப்பிடிக் காசு வாங்கிறது? அது கடல் நிப்பாட்டினது" என்றார். அக்கா அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டாள். எனக்குத் திகைப்பாக இருந்தது; ஆனால் அவள் செய்ததுதான் சரி. வாசலைத் தாண்டும்போது வேலியிலிருந்து சரிந்துகிடந்த ஒரு கல்லை எடுத்து, உருட்டி உருட்டிப் பார்த்து, இடம் தேடி வைத்தாள். ஆடியது. திருப்பி வைத்தாள். நின்றது.

படகில் இந்தத் தடவை அக்கா கண்ணை மூடவில்லை. பக்கத்தில் கோழிக்கூடையோடு வந்த பெண்மணியிடம் கூடையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தீவு ஒரு பனைவரிசையாகி, பிறகு கோடாகி மறைந்த பிறகு, என்னிடம் பேனா கேட்டாள். படகுச் சீட்டின் பின்பக்கத்தில், கூடை ஆட ஆட, எழுத்து கோண எழுதினாள்: மாத்திரை ஒரு மாதத்துக்கு. டார்ச் இரண்டு. வேலிக்காரர் பிள்ளைகளுக்கு நோட்டு. கொஞ்சம் யோசித்துவிட்டு, கடைசியில், "ஆச்சி கண்ணாடி".

"பவர் தெரியாதேக்கா" என்றேன்.

"கேட்டு வச்சிருக்கேன்" என்றாள், சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டே.